மூன்று சம்பளச் சீட்டுகள்

சதாசிவத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடி இல்லை, சூது இல்லை, நாலு நம்பர் லாட்டரிகூட எப்போதாவது கனவில் யாராவது வந்து எண் சொன்னால்தான். அவருடைய கெட்ட பழக்கம் உழைப்பது. ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் அவர் குடியிருக்கும் மலிவு விலை அடுக்குமாடியில் இதைக் கெட்ட பழக்கம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவருடைய மகள்கள் படித்த தமிழ்ப்பள்ளியின் சுவரில் ‘உழைப்பே உயர்வு தரும்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. அந்தச் சுவருக்கு யாராவது ஒரு வாளி வெள்ளைச் சாயம் வாங்கிக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

லாயாங் லாயாங் ஊரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் செம்பனைக் குலை வெட்டப் போனார். அந்த வேலையில் கணக்கு சுலபம். வெட்டிய குலைகளை ரோட்டோரம் அடுக்கி வைத்தால் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வந்து எண்ணிப் பார்ப்பார். அதிகம் வெட்டியவனுக்கு அதிகக் கூலி, கூடவே ‘நல்ல ஆளுலா இவன்’ என்று ஒரு வார்த்தை. தான் செய்த வேலையை மறைத்து வைத்தால் லாபம் என்று அந்த உலகத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. பிறகு தோட்டம் கைமாறியது, தொழிலாளர் லயங்களை இடித்தார்கள், சதாசிவம் கூலாய்க்கு வந்து சேர்ந்தார். கத்தியையும் தள்ளுவண்டியையும் விட்டுவிட்டு வந்தவர் அந்தப் புத்தியை மட்டும் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

ஐம்பத்தோரு வயதில் இப்போது சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பன்னிரண்டு வருடமாக அதே மோட்டார் சைக்கிள், சிங்கப்பூருக்குள் நுழையும் அதே பாலம், விடிவதற்கு முன்னால் அதே வரிசை. சம்பளம் ஆயிரத்து நானூற்று ஐம்பது சிங்கப்பூர் வெள்ளி. நம் ரிங்கிட்டுக்கு மாற்றினால் நாலாயிரத்து எழுநூற்றுச் சொச்சம். ஊராருக்குப் பெருக்கத்தான் தெரியும், கழிக்கத் தெரியாது. வீட்டுத் தவணை, பெட்ரோல், இரண்டு பெண் பிள்ளைகளின் செலவு, கையுறை ஆலையில் நின்று நின்றே முட்டி தேய்ந்துபோய் வேலையை விட்ட மனைவி தனலெட்சுமிக்குத் தனியார் கிளினிக்கில் ஊசி என்று எல்லாம் போன பிறகு மிஞ்சுவது அவருக்குத்தான் தெரியும். சேமநிதியில் கிடந்ததையும் கோவிட் காலத்தில் எடுத்துச் சாப்பிட்டாயிற்று. ஆனாலும் குடியிருப்புத் தாமானில் அவருக்கு ‘சிங்கப்பூர்க்காரர்’ என்றுதான் பெயர். கோயில் திருவிழாவுக்கு உபயம் கேட்டு வருகிறவர்கள் முதலில் இவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

மூத்தவள் லோஷினிக்கு மருந்தாளர் ஆக வேண்டும். அது யாரோ சொல்லிக்கொடுத்து வந்த ஆசை இல்லை. அம்மாவை மாதாமாதம் அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவள் அவள்தான். அங்கே மருந்து வாங்கும் இடத்தில், மலாயும் புரியாமல் ஆங்கிலமும் புரியாமல் மாத்திரைப் பைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்கும் நம் ஆட்கள் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். இவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, இது சாப்பாட்டுக்கு முன்னால, இது ராத்திரிக்கு மட்டும் என்று பிரித்துக் கொடுப்பாள். கொடுத்துக் கொடுத்தே வந்த ஆசை. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்விலும் நன்றாகவே செய்திருந்தாள். சதாசிவம் அந்த மதிப்பெண் தாளைக் கைப்பேசியில் படம் பிடித்து, பாலத்தில் முன்னால் நின்ற முகம் தெரியாத ஆளுக்கெல்லாம் காட்டினார்.

மருந்தியலுக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. தனியார் கல்லூரி தயாராக இருந்தது. பணம் கட்டுகிறவனுக்குத் தனியார் கல்லூரி எப்போதும் தயாராகத்தான் இருக்கும். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லோஷினி நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் மூன்று கட்டங்கள் வரைந்து அப்பாவை உட்கார வைத்தாள்.

"இது அரசாங்கம் கொடுக்கிற கடன்பா. படிச்சு முடிச்சதும் நான் கட்டணும். ஆனா பாதி ஃபீசுக்குத்தான் வரும்."

"மீதிக்கு?"

"பேங்க்ல கேக்கலாம். ரெண்டு பேரு ஜாமீன் போடணும். இல்லாட்டி இது." மூன்றாவது கட்டத்தைத் தொட்டாள். "கோலாலம்பூர்ல ஒரு அறக்கட்டளை. முழு ஃபீசும் அவங்களே கட்டிருவாங்க. திருப்பிக் கட்ட வேணாம். ஆனா குடும்ப வருமானம் மாசம் ஐயாயிரத்துக்குள்ள இருக்கணும்."

"நம்மளுது நாலாயிரத்து எழுநூறு."

"அதான்பா. மயிரிழைல உள்ள இருக்கோம்."

சதாசிவம் விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போட்டார். ஜனவரி, பிப்ரவரி சம்பளச் சீட்டுகளோடு, மார்ச் சீட்டும் வந்ததும் அதையும் இணைத்து லோஷினி அனுப்பினாள். அத்தோடு இந்த மனுஷன் சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஏப்ரலில் கிடங்கில் சரக்கு குவிந்தது. மேலாளர் ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை, செய்ய ஆள் கேட்டார். சதாசிவம் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். புனித வெள்ளிக்குப் போனார், மே தினத்துக்குப் போனார், விசாக தினத்துக்கும் போனார். பொது விடுமுறையில் செய்தால் இரட்டைச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் இருப்பதையே அந்த மூன்று மாதமும் மறந்துபோனார். தனலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க, கண்ணாடியில மூஞ்சியப் பாத்தீங்களா? மூணு மாசத்துல பத்து வயசு கூடிப்போச்சு."

"பிள்ள காலேஜ் போற வரைக்குந்தான் தனம். தங்கிற எடத்துக்கு முன்பணம் கட்டணும், லெப்டாப் வாங்கணும். அப்புறம் தூங்கிக்கலாம்."

ஓ.டி. காசை அவர் சம்பளத்தில் சேர்ப்பதே இல்லை. அவர் மட்டுமா, பாலத்து வரிசையில் நிற்கும் ஆயிரம் பேரைக் கேட்டுப் பாருங்கள், ‘சம்பளம் இவ்வளவு’ என்று சொல்லிவிட்டுப் பிறகு, ‘ஓ.டி. தனி’ என்பார்கள். சம்பளம் என்பது கம்பெனி கொடுப்பது, ஓ.டி. என்பது தன் உடம்பிலிருந்து தானே பிழிந்து எடுத்தது என்றுதான் சதாசிவம் நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே சீட்டில் அச்சாகி வந்தாலும் அவர் கண்ணுக்கு அவை இரண்டு வேறு காசு.

ஜூலையில் ஜொகூர் பாருவில் நேர்காணல். பெற்றோரில் ஒருவரும் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சதாசிவம் முழுக்கைச் சட்டை போட்டு, ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்துக்கொண்டார். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஹேமநாதன், அறக்கட்டளையின் அதிகாரி, மெதுவாகப் பேசுகிற நல்ல மனிதர். லோஷினி எல்லாக் கேள்விக்கும் தடுமாறாமல் பதில் சொன்னாள். மருத்துவமனைக் கதையைச் சொன்னபோது ஓரத்தில் இருந்த அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கிடைத்துவிட்டது என்று சதாசிவத்துக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கடைசியில் ஹேமநாதன் அவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நாங்க கட்டுறது ஃபீஸ் மட்டுந்தான். தங்குறது, சாப்பாடு, புத்தகம் எல்லாம் குடும்பந்தான் பாத்துக்கணும். மாசம் ஆயிரத்துக்கு மேல ஆகும். எப்படிச் சமாளிப்பீங்க?"

வேறு எந்த அப்பனாக இருந்தாலும், எப்படியாவது சமாளிச்சுக்கிறோம் சார் என்று கும்பிட்டுவிட்டு எழுந்திருப்பான். சதாசிவமோ இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருந்தவர்.

"அதுக்கு நான் ஏற்பாடு பண்ணிட்டேன் சார்." ஃபைலிலிருந்து ஏப்ரல், மே, ஜூன் சீட்டுகளை எடுத்து மேசைமேல் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக அடுக்கினார். "பாருங்க சார். ஒரு ஞாயித்துக்கிழம லீவு எடுக்கல. பப்ளிக் ஹாலிடே அத்தனையும் வேல செஞ்சிருக்கேன். எம்மவளுக்காக இன்னும் நாலு வருஷமும் செய்வேன். நாங்க சும்மா கைய நீட்டிக்கிட்டு வரல சார்."

மேசைக்கு அடியில் லோஷினி அவர் காலை மிதித்தாள். காலை நீட்ட இடம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவர் தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஹேமநாதன் அந்தச் சீட்டுகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இத காப்பி எடுத்துக்கலாங்களா ஐயா?" என்று கேட்டார்.

"தாராளமா எடுத்துக்குங்க சார்."

தன் சம்பளச் சீட்டை ஒரு அதிகாரி நகல் எடுத்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டோமே என்று சதாசிவத்துக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. ரோட்டோரம் குலைகளை அடுக்கிவிட்டு மண்டோர் வாயைப் பார்த்து நின்ற பழைய நாள்போல இருந்தது. திரும்பி வரும் வழியில் மோட்டார் சைக்கிளில் சத்தம் போட்டுச் சொன்னார். "அந்த மனுசன் அசந்துட்டாரு, பாத்தியா?"

பின்னால் உட்கார்ந்திருந்தவள், "ம்" என்றாள்.

ஆகஸ்டு முதல் வாரத்தில், லோஷினி போட்டுவைத்திருந்த விண்ணப்பத்துக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் வந்தது. மருந்தியல் இல்லை, திரங்கானுவில் மீன் வளர்ப்புப் படிப்பு. ஏற்றுக்கொள்வதற்கு ஒரு வாரம் கெடு கொடுத்திருந்தார்கள். கட்டணம் சொற்பம்தான், அரசாங்கக் கடனே போதும்.

"இதையும் எடுத்து வச்சிக்கலாம்பா," என்றாள் லோஷினி.

"மீன் வளக்கவா நீ படிச்ச? அதான் அங்க கெடச்சிருச்சேம்மா."

"இன்னும் லெட்டர் வரலப்பா. ஒருவேள கிடைக்காட்டி?"

"அந்த சார் மூஞ்சிய நான் பாத்தேன்லா. கெடைக்கும். ரெண்டு தோணியில கால் வைக்காத. அப்பா இருக்கேன்ல."

அவள் இரண்டு மூன்று தடவை பேச வாயெடுத்தாள். ஏதோ சொல்ல வந்து, அப்பாவின் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்ததைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். கெடு முடிந்தது. இணையத்தில் அந்த இடம் இருந்த பக்கத்தைத் திறந்தால், வாய்ப்பு காலாவதியாகிவிட்டது என்று வந்தது.

அறக்கட்டளையின் கடிதம் அதற்குப் பத்து நாள் கழித்து லோஷினியின் கைப்பேசிக்கு வந்தது. சதாசிவம் அப்போதுதான் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே வாசித்துக் காட்டினாள். குடும்பத்தின் மாத வருமானம் நிர்ணயித்த வரம்பைத் தாண்டியிருப்பதால் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை, மாணவியின் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.

"தப்பா போட்டுருக்காங்கம்மா. நம்ம வருமானம் நாலாயிரத்து எழுநூறுதான?"

"ஏப்ரல்லேர்ந்து ஏழாயிரத்துச் சொச்சம்பா."

"அது ஓ.டி."

"அதையும் கூட்டித்தான்பா வருமானம்னு சொல்றாங்க."

சதாசிவம் சட்டையைக் கையில் பிடித்தபடி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "அன்னிக்கு என் கால மிதிச்சியே," என்றார்.

லோஷினி அந்தச் சட்டையை அவர் கையிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினாள். கால் ஏன் மிதிபட்டது என்பதும் அவருக்கு இப்போது புரிந்தது, திரங்கானு இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஏன் அப்படி மென்று விழுங்கினாள் என்பதும் புரிந்தது. நீங்கதான் கெடுத்துட்டீங்க என்று அப்பனைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்குப் பாசம் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் இன்றைக்கு மீனாவது வளர்த்துக்கொண்டிருப்பாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, சதாசிவம் அதற்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு எடுக்காமல் உழைத்திருக்கிறார்.

மறுநாள் கிடங்கில் சாப்பாட்டு நேரத்தில் ஹேமநாதனுக்குப் போன் செய்தார்.

"சார், அந்த மூணு சீட்ட நான் காட்டாம இருந்திருந்தா?"

ஹேமநாதன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஐயா, உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்ல. உங்க மகளுக்கு நாங்க மூணு பேரும் ஆகக் கூடுன புள்ளி போட்டோம். ஆனா அந்தச் சீட்டு எங்க கைக்கு வந்துருச்சு. பாத்தத பாக்கலேன்னு நான் எழுத முடியாதுங்களே."

"கிழிச்சிப் போட்டுருங்க சார்."

"ஐயா..."

"ஓ.டி. இப்ப இல்ல சார். நிறுத்திட்டாங்க. சத்தியமா இல்ல."

அது உண்மைதான். ஆகஸ்டிலேயே சரக்கு குறைந்து ஓ.டி.யை வெட்டிவிட்டார்கள். மேல்முறையீடு செய்யச் சொன்னார் ஹேமநாதன். சதாசிவம் கம்பெனி அலுவலகத்தில் இருந்த சீனப் பெண்ணிடம் போய், நான் ஓ.டி. செய்யவே இல்லை என்று ஒரு கடிதம் கொடு என்று கேட்டார். பன்னிரண்டு வருடத்தில் அவர் அவளிடம் கேட்ட முதல் உதவி அதுதான். "அலமாக், அங்கிள்," என்று அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். செய்ததைச் செய்யவில்லை என்று எழுத முடியாதாம். ஓ.டி. நிரந்தரமில்லை என்று வேண்டுமானால் எழுதித் தருவதாகச் சொன்னாள். அதை வாங்கி அனுப்பினார்கள். ஆறு மாதச் சராசரியைப் பார்த்தாலும் வரம்பைத் தாண்டுகிறது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது பழமொழி. இங்கே பூசாரிக்கும் கொடுக்க ஆசைதான், இவரே போய்க் கோயில் கதவைச் சாத்திவிட்டு வந்தால் அவர் என்ன செய்வார்?

மிச்சம் இருந்தது அந்த நாள்காட்டித் தாளின் நடுக்கட்டம், பேங்க். ஜாமீனுக்குச் சதாசிவத்தோடு இன்னொரு ஆள் வேண்டும் என்று, கேட்கத் தோதாக இருந்த ஒரே உறவான தனலெட்சுமியின் அண்ணன் சபாபதியைத் தேடி ஆயர் ஈத்தாமுக்குப் போனார்கள். சபாபதி அங்கே பானைச் சட்டிக் கடைகளுக்கு லாரி ஓட்டுகிறவர். மாப்பிள்ளைக்கு ஒரு தட்டு மீ கோரெங் வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ள. ஏற்கெனவே ஒரு பையனுக்குப் போட்டேன். அவன் கட்டல. இன்னிக்கு வரைக்கும் என் பேருல எந்த பேங்கும் பத்துக் காசு தர்றதில்ல. என் கையெழுத்து இருந்தா ஒங்க பாரத்தையே தூக்கிப் போட்டுருவாங்க."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, கீழே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, தனலெட்சுமியை மெதுவாக மேலே ஏறச் சொல்லிவிட்டுச் சதாசிவம் அழுதார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே அழுதார். தோட்டத்தை விட்டு வந்தபோது அழாதவர், அம்மா செத்தபோதுகூட ஆட்கள் முன்னால் அடக்கிக்கொண்டவர். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை என்றால் சாமியைத் திட்டலாம். இவர் யாரைத் திட்டுவார்? அந்த மூன்று மாதமும் உடம்பு எப்படி வலித்தது என்பது அவருக்குத் தெரியும். அந்த வலியெல்லாம் மகளுக்குக் குழி தோண்டிய வலி என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

செப்டம்பரில் கல்லூரி திறந்தது. ‘அடுத்த வருஷம் பாக்கலாம்’ என்று வீட்டில் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அக்டோபரில் லோஷினி சிங்கப்பூரில் ஒரு மின்பொருள் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். சும்மா வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்றாள், ஃபீசுக்குக் கொஞ்சம் சேர்க்கலாம் என்றும் சொன்னாள். முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவின் ஊசிக்குப் போனது பாதி. இரண்டாவது மாதம் மோட்டார் சைக்கிளுக்கு டயர். அடுத்த வருஷம் என்கிற பேச்சு டிசம்பர் வரைக்கும் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. மருத்துவமனைக்கு இப்போது இளையவள் தேன்மொழிதான் அம்மாவை அழைத்துப் போகிறாள். இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம் படிக்கிறாள், அக்காவைவிடக் கெட்டிக்காரி. மருந்து வாங்கும் இடத்தில் அவளும் நாலு பேருக்கு மாத்திரை பிரித்துக் கொடுப்பதாகத் தனலெட்சுமி சொன்னாள். அதைக் கேட்ட சதாசிவம், இவள் கல்லூரிக்குப் போக இன்னும் எத்தனை வருடம் என்று விரல் விட்டு எண்ணினார்.

இந்த முறை தவறு செய்யக் கூடாது என்று அவர் முடிவு செய்துகொண்டார். மறுபடி கிடங்கில் சரக்கு வந்து மேலாளர் ஓ.டி.க்கு ஆள் கேட்டபோது, எல்லோருக்கும் முன்னால் தூக்கிப் பழகிய கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றார். மேலாளர்கூட, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தேன்மொழி பாரம் போட இன்னும் நாலைந்து வருடம் இருக்கிறது, இப்போதே பழகிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை, விடியற்காலை. பாலத்தில் மோட்டார் சைக்கிள்கள் அசையாமல் நின்றன. முன்னும் பின்னும் புகை. பின்னால் லோஷினி அவர் முதுகில் ஹெல்மெட்டைச் சாய்த்து அரைத் தூக்கத்தில் இருந்தாள்.

"லோஷி, ஒங்க ஆலையில ஓ.டி. கேக்குறாங்களா?"

"கேக்குறாங்கப்பா."

"செய்யாதம்மா. நானும் செய்யறதில்ல. தேனுக்குப் பாரம் போடறப்ப நம்ம சீட்டு கம்மியா இருக்கணும். ஐயாயிரத்துக்குள்ள இருந்தா அவளுக்குக் கட்டாயம் கெடைக்கும்."

லோஷினி அவர் முதுகிலிருந்து தலையை எடுத்தாள்.

"அப்பா, குடும்ப வருமானம்னா ஒங்க சம்பளமும் என் சம்பளமும் சேத்துத்தான்பா. ஓ.டி. இல்லாமலே எட்டாயிரத்த தாண்டுது. நான் வேலைக்குச் சேந்த அன்னிக்கே தாண்டியாச்சு."

"அப்ப நீ..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். வேலையை விட்டுவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் தனலெட்சுமிக்கு இந்த மாத ஊசி.

"அதனால ஓ.டி. செய்றேன்னு சொல்லிட்டேன்பா," என்றாள் லோஷினி. "இந்த ஞாயித்துக்கிழமையிலேர்ந்து. தேனு ஃபீச நாமதான கட்டியாகணும். நீங்களும் ஒங்க மேனேஜர்கிட்ட கேளுங்க. ஒண்ணா வந்துட்டு ஒண்ணா போயிறலாம்."

முன்னால் ஒரு வண்டி நகர்ந்தது. பின்னாலிருந்து யாரோ ஹார்ன் அடித்தார்கள். சதாசிவம் காலால் உந்தி வண்டியை ஒரு முழம் முன்னால் தள்ளினார்.